கரண்ட் வைத்த வாயில் 16 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் புற்று: கதிர்வீச்சுதான் காரணமா?

கொடிக்கால் எழுதியது:

வணக்கம். என் தந்தைக்கு 67 வயது. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். இருபது வயதிலிருந்தே வெற்றிலை, சீவல், புகையிலை மூன்றையும் சேர்த்து வலது கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. 2008-இல் அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் வந்தது. பயாப்சியில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (மேல்தோலில் எழும் புற்று) என்று தெரிந்ததும் புண்ணையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் அறுவை செய்து எடுத்தார்கள். நெறிக்கட்டிகள் இரண்டில் நோய் இருந்ததால் ஆறு வாரம், 30 சிட்டிங், கரண்ட் வைத்தார்கள். (எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சையைக் கரண்ட் வைப்பது என்றே சொல்வார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.) அன்றே புகையிலையை விட்டார். ஏழு ஆண்டுகள் தவறாமல் பரிசோதனைக்குப் போனோம். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்றே கேட்டுக் கேட்டு, பிறகு போவதை நிறுத்திவிட்டோம்.

மூன்று மாதங்களுக்கு முன் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் உரசுகிறது என்று பல்லைத் தேய்த்துவிட்டார்கள். புண் ஆறவில்லை. சென்ற வாரம் பயாப்சி முடிவு வந்தது. மீண்டும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா.

2008-இல் எனக்கு 24 வயது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவன் நான்தான். என் சித்தப்பா அப்போதே கரண்ட் வேண்டாம் என்றார். இப்போது, அன்றைக்குக் கரண்ட் வைக்காமல் இருந்திருந்தால் இந்த நாக்குப் புற்று வந்திருக்காது என்று வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இணையத்தில் தேடினால் கதிர்வீச்சினால் இரண்டாவது புற்றுநோய் வரும் என்று இருக்கத்தான் செய்கிறது. இது பழைய நோய் திரும்பியதா, புதியதா, அல்லது கதிர்வீச்சு உண்டாக்கியதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதே இடத்தில் இன்னொரு முறை கதிர்வீச்சு கொடுக்க முடியுமா? ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: புகையிலையை விட்டாரே தவிர, வெறும் சீவலை அப்பா விடவே இல்லை என்று அம்மா நேற்றுத்தான் சொன்னார்.

நிணக்கணு எழுதியது:

நான் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை செய்பவள். உங்கள் தந்தையை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எளிதான பகுதி. வாய்ப்புற்று திரும்பி வருமானால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள், பழைய இடத்திலோ அதன் ஓரத்திலோ கழுத்திலோதான் வரும். 16 ஆண்டுகள் கழித்து, எதிர்ப்பக்கத்தில், வேறோர் உறுப்பில் வந்திருப்பதை நோய் திரும்பியதாக யாரும் கொள்ளமாட்டார்கள். இது புதிய புற்று. இந்தப் புதிய புற்றை விதைத்தது எது என்பதுதான் உங்கள் கேள்வி.

கதிர்வீச்சு புற்றை உண்டாக்கும் என்பது மருத்துவர்கள் மறைத்துவைத்த செய்தி அன்று. 1948-இலேயே கஹான் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும், கதிர்வீச்சு பெற்ற எலும்பில் பின்னாளில் சார்கோமா (எலும்பு, தசை போன்றவற்றில் எழும் புற்று) தோன்றிய 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஒரு கட்டியைக் கதிர்வீச்சின் விளைவு என்று சொல்ல என்னென்ன பொருந்த வேண்டும் என்று அவர்கள் வகுத்ததைச் சிறு மாற்றங்களோடு இன்றும் பயன்படுத்துகிறோம். கட்டி, கதிர் பட்ட இடத்துக்குள் எழுந்திருக்க வேண்டும். இடையில் ஆண்டுக்கணக்கில் கழிந்திருக்க வேண்டும். திசு அமைப்பில் முதல் புற்றிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். அந்த இடம் கதிர்வீச்சுக்கு முன் நோயற்றதாக இருந்திருக்க வேண்டும். உங்கள் தந்தைக்கு ஆண்டுக்கணக்கு பொருந்துகிறது. இடம் பொருந்துகிறதா என்பது பழைய சிகிச்சைக் குறிப்பைப் பார்த்தால்தான் தெரியும். திசு அமைப்பு பொருந்தவில்லை. அன்றும் இன்றும் ஸ்குவாமஸ்தான். அவருடைய வாயின் மேல்தோல் 2008-க்கு முன் நோயற்றதாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன்.

ஏன் என்றால், முப்பது ஆண்டுகள் புகையிலைச் சாறு ஊறிய வாயில் ஒரே ஓர் இடம் மட்டும் கெட்டுப்போவதில்லை. வயலின் ஒரு மூலையில் களை முளைத்தாலும் விதை வயல் முழுதும் விழுந்திருக்கிறது. இதை 1953-இல் ஸ்லாட்டர் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 783 வாய்ப்புற்று நோயாளிகளின் திசுக்களை ஆராய்ந்து எழுதினார்கள். கட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்த மேல்தோலும் நுண்ணோக்கியில் மாறிப்போயிருந்தது. அவர்கள் அதற்கு இட்ட பெயரிலும் வயல் என்ற சொல்தான் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றிலிருந்து பிழைத்தவர்களில் ஆண்டுதோறும் 3 முதல் 7 சதவீதம் பேருக்கு வாயிலோ தொண்டையிலோ உணவுக்குழாயிலோ நுரையீரலிலோ புதிய புற்று வருகிறது. அறுவை மட்டும் செய்துகொண்டு, கதிரே படாதவர்களுக்கும் இது வருகிறது என்பதை உங்கள் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள்.

கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு? அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளைக் கொண்டு 2011-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, 15 வகைப் புற்றுகளில் ஏதேனும் ஒன்றுக்காகக் கதிர்வீச்சு பெற்ற பெரியவர்களைப் பின்தொடர்ந்தது. அவர்களுக்குப் பின்னாளில் வந்த இரண்டாம் திடப்புற்றுகளில் (ரத்தப் புற்று அல்லாமல் கட்டியாக வருபவை) ஏறத்தாழ 8 சதவீதத்தையே கதிர்வீச்சின் கணக்கில் எழுத முடிந்தது. எஞ்சியவை வயது, பரம்பரை, புகையிலை போன்ற பிறவற்றின் கணக்கு. ஆனால் ஒரு தனி மனிதரின் நாக்கில் இருக்கும் ஸ்குவாமஸ் கட்டியை நுண்ணோக்கியில் வைத்து, இது புகையிலையால் வந்தது, இது கதிரால் வந்தது என்று பிரித்துக்காட்ட வழியில்லை. எது அதிகம் சாத்தியம் என்றுதான் சொல்லலாம்; இங்கே தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. சீவலைப் பற்றி நீங்கள் சொன்னது அதை இன்னும் சாய்க்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்றுண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்திவிட்டது. புகையிலையை விட்டேனே, சீவல் என்ன செய்யும் என்று என்னிடம் கேட்காத வாரமே இல்லை.

நீங்கள் இட்ட கையெழுத்தைப் பற்றி: நெறிக்கட்டிகள் இரண்டில் நோய் இருக்கும்போது அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுப்பதுதான் அன்றும் முறை, இன்றும் முறை. கொடுக்காமல் விட்டிருந்தால் கழுத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம். 16 ஆண்டுகள் கழித்து வரக்கூடிய ஓர் ஆபத்தை எண்ணி, 16 மாதங்களில் வரக்கூடிய ஆபத்தை ஏற்க எந்த மருத்துவரும் சொல்லியிருக்க மாட்டார்.

மறுமுறை கதிர்வீச்சைப் பற்றி, பழைய குறிப்புகள் கிடைத்ததும் எழுதுகிறேன்.

மேல்மாடி எழுதியது:

மருத்துவர் எழுதியதில் தவறில்லை. ஆனாலும் எல்லாவற்றையும் புகையிலையின் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு 31 வயதில் மூக்குத் தொண்டைப் புற்று வந்தது. வெற்றிலையைக்கூடத் தொடாதவர். அந்த நோய்க்கு அறுவை இல்லை, கதிர்வீச்சும் கீமோவும்தான் என்றார்கள். 70 கிரே (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு) கொடுத்தார்கள். நோய் முற்றாகப் போயிற்று. 11 ஆண்டுகள் நன்றாக இருந்தார். பிறகு இடது கன்னம் மரத்துப்போவதாகச் சொன்னார். மேல் தாடையில் இரண்டு பற்கள் ஆடின, கன்னம் சற்று உப்பியது. கதிர்வீச்சுக்குப் பின் தாடை எலும்பு செத்துப்போவது உண்டு என்றும், இதுவும் அதுவே என்றும் சொல்லி, நான்கு மாதங்கள் மாத்திரையும் வாய் கொப்புளிக்கும் மருந்தும் கொடுத்தார்கள். முதல் பயாப்சியில் செத்த எலும்பு என்றுதான் வந்தது. இரண்டாவது முறை ஆழமாக எடுத்தபோது ஆஸ்டியோசார்கோமா, எலும்பில் எழும் சார்கோமா. அக்கா இப்போது இல்லை.

கதிர்வீச்சு தந்த 11 ஆண்டுகளில்தான் அவருக்கு இரண்டாவது மகள் பிறந்தாள் என்பதால், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பத்தாண்டு கழித்து இப்படி ஒன்று வரலாம், மரத்துப்போனால் உடனே வாருங்கள் என்று யாராவது ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

நிணக்கணு எழுதியது:

உங்கள் அக்காவைப் பற்றிப் படித்து வருந்துகிறேன். நீங்கள் எழுதியது என் பதிலில் விடுபட்டுப்போன பகுதி. அவருக்கு வந்தது, கஹான் வகுத்த ஒவ்வொரு நிபந்தனையும் பொருந்துகிற, கதிர்வீச்சின் விளைவு என்றே சொல்லத்தக்க புற்று. மூக்குத் தொண்டைப் புற்று அதிகம் காணப்படும் தென் சீனத்திலும் ஹாங்காங்கிலும், இளம் வயதில் சிகிச்சை பெற்று நெடுங்காலம் வாழ்பவர்கள் பலர் இருப்பதால், இத்தகைய சார்கோமாக்களைப் பற்றி அங்கிருந்தே மிகுதியாக எழுதியிருக்கிறார்கள். கதிர்வீச்சு பெற்ற நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இது வருகிறது. வந்தால் கொடியது, அகலமாக வெட்டி எடுக்க முடிந்தால் மட்டுமே நம்பிக்கை உண்டு.

கதிர்வீச்சால் எலும்பு செத்துப்போகிற எலும்பு அழுகலும் சார்கோமாவும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் வலி உண்டு, பல் ஆடும், ஸ்கேனில் எலும்பு அரித்திருக்கும். நான் என் மாணவர்களுக்குச் சொல்வது இது: செத்த எலும்பு உப்பாது. எலும்பு வெளியே தெரிந்துகொண்டு புண்ணாக இருந்தால் அழுகலை நினைக்கலாம். மேலே தோல் மூடியிருக்க, அடியில் சதைத்திரளோடு உப்பி வந்தாலோ, உதடோ கன்னமோ புதிதாக மரத்துப்போனாலோ, வேறொன்று நிரூபிக்கப்படும்வரை கட்டி என்றே கொள்ள வேண்டும். மேலோட்டமாக எடுத்த ஒரு பயாப்சி செத்த எலும்பு என்று வந்தால் அதோடு நிறுத்தவும் கூடாது. இந்த விதி எப்போதும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் நான்கு மாதங்களை இழக்காமலிருக்க உதவும்.

அரையாயுள் எழுதியது:

கதிர்வீச்சுத் துறையில் மருத்துவ இயற்பியலாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நோயைப் பற்றி மருத்துவர் சொல்லிவிட்டார். கதிர் எங்கே போயிற்று என்பதைப் பற்றி நான் சொல்கிறேன்.

2008-இல் நம் மாநிலத்தின் பல மையங்களில் கோபால்ட்-60 கருவிகளே பெரும்பாலான வேலையைச் செய்துகொண்டிருந்தன. கன்னப் புற்றுக்கு அந்தக் கருவியில் இரண்டு வழிகளில் சிகிச்சை தரலாம். ஒன்று, நோயாளியின் முகத்துக்கு வலமும் இடமும் எதிரெதிராக இரண்டு கதிர்ப்புலங்கள் வைப்பது. அப்படிச் செய்திருந்தால் நாக்கின் இடது ஓரமும் ஏறத்தாழ முழு அளவையே பெற்றிருக்கும். மற்றொன்று, நோயுள்ள பக்கத்திலிருந்து மட்டும் சாய்வாக இரண்டு புலங்கள், ஆப்பு வடிவ உலோகத் தகடுகளோடு. அப்படியானால் நாக்கின் இடது ஓரத்துக்கு ஒரு பகுதி அளவே போயிருக்கும். சிகிச்சை அட்டையில் புலங்களின் அளவு, கோணம், நாள்தோறும் கொடுத்த கிரே, தண்டுவடத்தைக் காப்பாற்ற 44 அல்லது 46 கிரேயில் புலத்தைச் சுருக்கிய தேதி எல்லாம் இருக்கும். கொடிக்கால் ஐயா, டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அதில் 60 கிரே, 30 பகுதி (சிட்டிங்) என்ற ஒரு வரிதான் இருக்கும். சிகிச்சை அட்டையின் நகலைக் கதிர்வீச்சுச் சிகிச்சைத் துறையில் எழுதிக் கேளுங்கள். பழைய அட்டைகள் கிடங்கில் கிடக்கும், தேட நாளாகும் என்பார்கள், விடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கதிர் அதிகம் பட்ட இடத்தில்தான் புற்று அதிகம் வரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அது பாதி உண்மை. அதிக அளவு பட்ட செல் இறந்துபோகிறது. இறந்த செல் புற்றாக முடியாது. அடிபட்டு, மரபணு சிதைந்து, ஆனாலும் பிழைத்துக்கொண்ட செல்தான் ஆபத்தானது. ஆகவே கார்சினோமா வகைகள் புலத்தின் ஓரங்களிலும், நடுத்தர அளவோ குறைந்த அளவோ பட்ட திசுக்களிலும் தோன்றலாம். சார்கோமா மட்டும் பெரும்பாலும் முழு அளவு வாங்கிய எலும்பிலும் தசையிலும் எழுகிறது.

குறைந்த அளவே என்ன செய்யும் என்பதற்கு இஸ்ரேலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 1948-க்கும் 1960-க்கும் இடையில், வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் அங்கே குடியேறிய குழந்தைகளின் தலைப் படர்தாமரைக்கு எக்ஸ்-கதிர் கொடுத்து முடியை உதிரச் செய்தார்கள். அக்காலத்தில் பல நாடுகளில் அதுவே ஏற்கப்பட்ட மருத்துவம். பாருக் மோடான் என்பவரின் குழு அவர்களில் சுமார் 11,000 பேரைப் பின்தொடர்ந்தது. மூளைக்குச் சராசரியாகப் போனது 1.5 கிரே, நம் புற்றுச் சிகிச்சையில் ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவைவிடக் குறைவு. 1988-இல் வெளியான கணக்கில், கதிர் படாதவர்களோடு ஒப்பிடும்போது மூளையுறைக் கட்டியான மெனிஞ்சியோமா ஒன்பது மடங்குக்கு மேல் இருந்தது. தைராய்டுக்குப் போனது ஒரு கிரேயில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. தைராய்டு புற்றும் கூடியிருந்தது. அதன்பின் 1994-இல் அந்நாடு அவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் இயற்றியது. இந்த எண்களைப் பார்த்து 51 வயதில் சிகிச்சை பெற்ற உங்கள் தந்தைக்கும் இதே என்று எண்ண வேண்டாம். அவர்கள் குழந்தைகள். வளர்ந்துகொண்டிருக்கும் திசுவும் எதிரே கிடக்கும் நீண்ட வாழ்நாளும்தான் அவர்களுடைய ஆபத்தைப் பெருக்கின. ஐம்பதைத் தாண்டியவருக்கு இந்த ஆபத்து மிகச் சிறியது.

புதிய கருவிகள் வந்ததால் இது தீர்ந்துவிட்டதா என்று அடுத்துக் கேட்பீர்கள். முழுதும் இல்லை. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிச் செலுத்தும், இப்போது வழக்கத்தில் உள்ள ஐ.எம்.ஆர்.டி. முறை உமிழ்நீர்ச் சுரப்பியைக் காப்பாற்றுகிறது. வாய் வறட்சி குறைகிறது. அது பெரிய நன்மை. ஆனால் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்துவதால், குறைந்த அளவு கதிர் முன்னைவிட அதிகமான திசுவில் பரவுகிறது. கருவியும் அதிக நேரம் கதிரை உமிழ வேண்டியிருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எரிக் ஹாலும் அவருடைய சக ஆய்வாளரும் 2003-இல் போட்ட கணக்குப்படி, பத்தாண்டு பிழைத்திருப்பவர்களில் கதிரால் வரும் இரண்டாம் புற்று 1 சதவீதத்திலிருந்து 1.75 சதவீதமாக உயரக்கூடும். இது கணக்கு, எண்ணிப் பார்த்தது அன்று. புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தோடு நின்றுவிடுவதால் இந்தச் சிதறலைக் குறைக்கும். 2019 முதல் சென்னையிலும் அந்தக் கருவி இயங்குகிறது. குழந்தைகளுக்கு அதைக் கேட்டுப் பார்ப்பதில் பொருள் உண்டு. அறுபது வயதுப் புகையிலை நோயாளிக்கு இந்தக் காரணத்துக்காகவே வீட்டை அடமானம் வைக்கச் சொன்னால் நான் வேண்டாம் என்பேன்.

முல்லைப்பந்தல் எழுதியது:

இந்த உரையாடலைப் படித்துத் தூக்கம் போய்விட்டது. எனக்கு 15 வயதில் மூக்குத் தொண்டைப் புற்றுக்குக் கதிர்வீச்சு கொடுத்தார்கள், கழுத்துக்கும் சேர்த்து. இப்போது 33. சென்ற மாதம் தற்செயலாக எடுத்த கழுத்து ஸ்கேனில் தைராய்டில் 14 மில்லிமீட்டர் முடிச்சு இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளாக உடல் எடையும் கூடிக்கொண்டே வருகிறது. இதுவும் கதிரால் வந்த புற்றுதானா?

நிணக்கணு எழுதியது:

சகோதரி, முடிச்சு என்றால் புற்று என்று பொருளில்லை. கதிர் பட்ட தைராய்டிலும் பெரும்பாலான முடிச்சுகள் தீங்கற்றவையே. ஆனால் உங்கள் வரலாற்றைக் கேட்டபின் அதைச் சும்மா விட்டுவைக்கவும் கூடாது. தைராய்டைப் பார்த்துப் பழகிய ஒருவரிடம் அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் ஊசி வழிச் செல் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சிறுவயதில் கழுத்தில் கதிர் பட்டது என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் போனால், இவ்வளவு சிறிய முடிச்சுதானே என்று ஆண்டு முழுதும் காத்திருக்கச் சொல்லிவிடக்கூடும்.

உறுப்புகளில் தைராய்டுதான் இந்த விஷயத்தில் வயதை மிகவும் பார்க்கிறது. 1995-இல் ஏழு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 15 வயதுக்குள் கதிர் பட்டவர்களுக்கே ஆபத்து தெளிவாகக் கூடியிருந்தது. இருபதைத் தாண்டியபின் பட்டவர்களிடம் ஏறக்குறைய ஒன்றும் தெரியவில்லை. அரையாயுள் ஐயா சொன்ன செல் மரணமும் இங்கே நன்றாகப் புலப்படுகிறது. குழந்தைப் பருவப் புற்றிலிருந்து பிழைத்தவர்களில் தைராய்டு புற்றின் ஆபத்து 20 முதல் 29 கிரே வரை ஏறி, 30-ஐத் தாண்டியதும் இறங்குகிறது. புற்றாகவே இருந்தாலும் அது பெரும்பாலும் பாப்பில்லரி வகை. அறுவை செய்தால் நன்றாகக் குணமாகும் வகை.

எடை கூடுவதைப் பற்றி எழுதினீர்கள். உங்களுக்கு யாராவது தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்தார்களா? கழுத்தில் கதிர் பெற்றவர்களுக்குத் தைராய்டு மந்தமாவது இரண்டாம் புற்றைவிடப் பன்மடங்கு பொதுவானது. ஆறு மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. தைராய்டின் வேலை குறைந்திருந்தால் ஒரு மாத்திரையில் சரியாகிவிடும்.

தென்றல்கால் எழுதியது:

எல்லோரும் நோயைப் பற்றியே எழுதுகிறீர்கள். வராமல் தடுக்க ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் கிடைக்கின்றனவே? வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் சேர்ந்த மாத்திரையை என் மாமனாருக்குக் கதிர்வீச்சின்போதே தொடங்கிவிட்டோம்.

நிணக்கணு எழுதியது:

தயவுசெய்து நிறுத்துங்கள், நிறுத்தியதை அவருடைய மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், கதிர்வீச்சு பெறும் தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 540 பேரிடம் இதைத்தான் சோதித்தார்கள். இரண்டாம் புற்று குறையும் என்று எதிர்பார்த்துத் தொடங்கினார்கள். 2005-இல் வெளியான முடிவு நேரெதிர்: மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டாம் புற்று கூடியிருந்தது. வைட்டமின் ஏ-யின் உறவான ஐசோட்ரெடினோயின் மீதும் ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. 1990-இல் 103 பேரிடம் செய்த ஆய்வில் அதிக அளவு மருந்து இரண்டாம் புற்றை 24 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது; ஆனால் பக்கவிளைவுகளைப் பலரால் தாங்க முடியவில்லை. அளவைக் குறைத்து 1,190 பேரிடம் சோதித்து 2006-இல் வெளியிட்டபோது பயன் எதுவும் இல்லை. இரண்டாம் புற்றைத் தடுப்பதற்கென்று நான் எழுதிக்கொடுக்கக்கூடிய மாத்திரை இன்றைக்கு ஒன்றுமில்லை. புகையிலை, பாக்கு, மது மூன்றையும் விடச் சொல்வேன். அதைச் சீட்டில் எழுதிக்கொடுத்தால் யாரும் மருந்துக்கடைக்குக் கொண்டுபோவதில்லை.

கொடிக்கால் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சிகிச்சை அட்டை கிடைத்துவிட்டது. மூன்று முறை போக வேண்டியிருந்தது. மூன்றாவது முறை கிடங்கிலிருந்த உதவியாளர் ஒருவர், உங்கள் அப்பா வெற்றிலை கொண்டுவந்து தருவாரே, அவரா என்று கேட்டு, தானே தேடி எடுத்துக்கொடுத்தார். கோபால்ட் கருவி. இரு பக்கமும் எதிரெதிராகப் புலங்கள். 44 கிரேயில் புலத்தைச் சுருக்கி, பிறகு வலது பக்கத்துக்கு மட்டும் 60 வரை கொண்டுபோயிருக்கிறார்கள். அப்படியானால் நாக்கின் இடது ஓரம் 44 கிரே வாங்கியிருக்கிறது என்று நான் புரிந்துகொண்டது சரியா?

அரையாயுள் எழுதியது:

ஏறத்தாழ சரி. சுருக்கிய பிறகும் வலப்பக்கத்திலிருந்து கொஞ்சம் சிதறல் வந்திருக்கும். 44-க்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் பின்பக்கத்தையும் நகல் எடுத்தீர்களா? புலத்தின் படம் பெரும்பாலும் அங்கேதான் வரைந்திருக்கும். மறுபடி கதிர்வீச்சு தேவைப்பட்டால், புதிதாகத் திட்டமிடுபவர் தண்டுவடத்துக்கும் தாடைக்கும் முன்பே எவ்வளவு போயிற்று என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்.

நிணக்கணு எழுதியது:

இடம் புலத்துக்குள் இருந்தது என்பது உறுதியானதால், கதிர்வீச்சுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 44 கிரே பட்ட மேல்தோலில், அதன்பின் 16 ஆண்டுகள் சீவல். இரண்டும் சேர்ந்து உழைத்திருக்கலாம். ஆனால் இனி செய்ய வேண்டியதை இந்த விடை மாற்றப்போவதில்லை. காரணம் எதுவாயினும், கதிர் பட்ட வாயில் வந்த புதிய நாக்குப் புற்றுக்கு அறுவையே முதல் வழி. மறுமுறை கதிர்வீச்சு கொடுக்க முடியும். 16 ஆண்டு இடைவெளி அதற்குச் சாதகமானது. எனினும் தாடை அழுகல், கழுத்துப் பெருந்தமனி வெடிப்பு போன்ற அபாயங்கள் முதல் முறையைவிட அதிகம் என்பதால், அறுவைக்குப் பின் வரும் திசு அறிக்கை கட்டாயப்படுத்தினால் மட்டுமே அதை நினைப்போம்.

அறுவைக்கு முன் மூன்றைக் கேளுங்கள். தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் இன்னொரு புற்று ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார்களா? கதிர் பட்ட சதையில் காயம் ஆறத் தாமதமாகும் என்பதால், கையிலிருந்தோ தொடையிலிருந்தோ கதிர் படாத சதையை எடுத்து வைக்கும் திட்டம் உண்டா? எடுக்க வேண்டிய பல் ஏதேனும் இருந்தால், அதை இப்போதே அறுவை அரங்கிலேயே எடுத்துவிட முடியுமா? பிறகு ஊர்ப் பல் மருத்துவரிடம் போய் எடுத்தால் தாடை அழுகலில் கொண்டுபோய் விடலாம்.

கொடிக்கால் எழுதியது:

நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். நுரையீரலும் உணவுக்குழாயும் சுத்தமாக இருக்கின்றன. நாக்கின் இடது பாதியையும் இடது கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்து, முன்கையிலிருந்து சதை வைத்துத் தைப்பதாகச் சொன்னார்கள். கீழ்த்தாடையில் இரண்டு பற்களை அப்போதே எடுத்துவிடுவார்கள். அட்டையின் பின்பக்கத்தில் படம் இருந்தது. அதையும் நகல் எடுத்து மருத்துவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பாவிடம் 44 கிரே கணக்கை அப்படியே சொன்னேன், கதிருக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பதையும் மறைக்கவில்லை. அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. அறுவைக்கு ரத்தம் கொடுக்க யார் யார் வர வேண்டும் என்று மட்டும் கேட்டார். வரும் புதன்கிழமை அறுவை. திசு அறிக்கை வந்ததும் எழுதுகிறேன்.